றீற்றா சொல்லிவிட்ட புரொசெசர்

சுவிஸின் பீல் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை என்றால், குருவானவர் பத்து நிமிஷம் பிந்தி வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பேனாட்டின் கமரா பிந்தினால் பொறுக்கமாட்டார்கள். கலியாணமோ, சாமத்தியவீடோ, வெள்ளிவிழாவோ, கறுப்புக் கோட்டும் தோளில் கமராவுமாக அவன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் வீட்டுக்காரருக்கு விசேஷம் தொடங்கியதுபோல இருக்கும். கிழமை நாட்களில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிற மனுஷன், சனிக்கிழமை விடிந்தால் கலைஞனாகிவிடுவான்.

அவனுடைய கலை கமரா பிடிப்பதோடு முடிந்துவிடும் என்பது அவன் மனைவி றீற்றாவுக்கு மட்டுந்தான் தெரியும். ஞாயிறு பின்னேரம் கசெட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு அவன் சோபாவில் சாய்ந்துவிடுவான். திங்கள் மத்தியானம் முதியோர் இல்லத்துச் சலவை வேலை முடிந்து வந்ததும் றீற்றா அவற்றை அள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கீழேயுள்ள கெல்லருக்கு இறங்குவாள். உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்கும் பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கும் நடுவே அங்கேதான் கம்பியூட்டர். வெட்டுவது, ஒட்டுவது, நிறம் திருத்துவது, பாட்டுப் போடுவது, தலைப்பு எழுதுவது எல்லாம் அவள். பாகம் பாகமாக வாங்கிக் கம்பியூட்டரைப் பூட்டியதும் அவள்தான். நகரசபை நடத்திய ஆறு மாத வகுப்புக்குப் போய், பதினொரு ஆம்பிளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணாக இருந்து ஸ்குறூ ஸ்குறூவாகப் படித்தவள்.

முதல் வீடியோவின் முடிவில் யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டபோது, "சனம் ஒரு பேரைத்தான் ஞாபகம் வைச்சிருக்கும் றீற்றா" என்றான் பேனாட். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அது நடந்து எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் விருந்தாளிகள் வந்து, "என்ன மாதிரி வெட்டியிருக்கிறியள் பேனாட் அண்ணை, தேவாலயத்திலை அழுத இடத்திலை நானும் அழுதிட்டன்" என்று சொல்வார்கள். அவன் அடக்கமாக ஒரு இருமல் இருமுவான். தேத்தண்ணித் தட்டோடு நிற்கிற றீற்றாவுக்கு அந்த இருமலைக் கேட்டால் தட்டை அவன் தலையில் கவிழ்க்கலாம்போல வரும். கவிழ்க்கவில்லை. சீனி காணுமோ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படியே போயிருக்கும். இடையில் அபர்ணா வந்தாள்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த கையோடு. பாடன் நகரத்தில் ஓர் இந்தியத் தமிழ்க் குடும்பத்தின் பிறந்தநாளுக்குப் பேனாட் படமெடுக்கப் போயிருந்தான். அங்கே வந்திருந்தவள்தான் அபர்ணா. சென்னையில் விளம்பரப் படங்களுக்கு எழுத்துகளை ஆடவைத்தும் படங்களைப் பறக்கவைத்தும் வேலை பார்த்தவள். அவள் கணவன் ஹரிஷ் டர்பைன் பொறியியலாளன். மாதத்தில் மூன்று கிழமை வளைகுடாவில் ஏதாவதொரு மின்நிலையத்தில் நிற்பான். அவளுக்கு இங்கே வேலையுமில்லை, பாஷையுமில்லை, பொழுது மட்டும் தாராளமாக இருந்தது. "பெர்னார்ட் அண்ணா, இதுக்கு நான் ஒரு டைட்டில் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். பண்ணியும் கொடுத்துவிட்டாள்.

இருபது விநாடிதான். ஏரியில் ஒரு துளி விழும். அலை விரியும். விரிந்த அலை அப்படியே எழுந்து பிள்ளையின் பெயராக நிற்கும், எழுத்தின் ஓரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும். பேனாட் அந்த டிஸ்கைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பூசைக்குப் போன இடத்தில் காட்டினான், கடன்காரன் வீட்டுக்குப் போனாலும் காட்டியிருப்பான். றீற்றாவுக்கு மூன்று தரம் காட்டினான்.

மோசமான வேலையாக இருந்திருந்தால் றீற்றாவுக்கு எவ்வளவோ நிம்மதி. நன்றாக இருந்ததுதான் கொடுமை. பேனாட்டுக்கு அது வடிவான தண்ணீர். அவளுக்கு அதற்குள் பதினான்கு அடுக்குத் தெரிந்தது, எந்த அடுக்கில் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்றும் தெரிந்தது. வயிறு எரிய எரியப் பார்த்தாள். எரிந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, அதனால் இன்னும் எரிந்தது.

அவளுடைய தலைப்புகளில் இரண்டு அன்னங்கள் வரும். இரண்டு பக்கத்திலுமிருந்து நீந்திவந்து, கழுத்தை வளைத்து, இதயம்போல நிற்கும். கடையில் வாங்கிய அன்னங்கள் அல்ல. நீடாவ் ஏரிக்கரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பாணைப் பிய்த்துப் போட்டு அவளே படம்பிடித்த அன்னங்கள். அறுபது சோடிகள் அந்த அன்னங்களின் கழுத்துக்கு நடுவேதான் கணவன் மனைவியானார்கள். இப்போது பேனாட் சொல்கிறான்:

"உம்மடை அன்னங்களுக்கு வயசு போட்டுது றீற்றா. அபர்ணாத் தங்கச்சியின்ரை வேலையைப் பாரும். உது வேறை லெவல்."

அபர்ணாத் தங்கச்சி. கூடப் பிறந்த தங்கச்சி டயனாவைக்கூட அவன் இப்படி உருகிக் கூப்பிட்டதை றீற்றா கேட்டதில்லை.

டயனாவைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிரச்சினையே அவளுடைய கலியாணத்தில்தான் முளைத்தது. பதினாறு வயதில் மன்னாரிலிருந்து வந்து றீற்றாவின் வீட்டில் வளர்ந்து, வேலையெடுத்து, இப்போது ஆராவ் நகரத்தில் இருக்கிறாள். ஜெனிஸ்ரன் என்ற பெடியனைத் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, பிறகு எல்லாரிடமும் சம்மதம் கேட்டவள். ஐப்பசியில் ஆராவில் கலியாணம். மண்டபத்துக்குள் சோடி நுழையுமுன் பெரிய திரையில் மூன்று நிமிஷப் படம் ஓடும். பொம்பிளை மாப்பிளையின் குழந்தைப் படங்கள், பெயர்கள், எல்லாம் பாட்டோடு. இன்ட்ரோ என்று அதற்குப் பெயர். நானூறு பேர் வாயை மூடிக்கொண்டு பார்க்கிற மூன்று நிமிஷம் ஒரு தமிழ்க் கலியாணத்தில் அது ஒன்றுதான்.

அந்த இன்ட்ரோவைத் தானே செய்து, அதில் தன் பெயரைப் போடவேண்டும் என்று றீற்றா ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு எதிலும் வேண்டாம், இது ஒன்றில் மட்டும். பேனாட்டிடம் தைமாதமே சொல்லிவைத்தாள். "பாப்பம், பாப்பம்" என்றான். ஆனி மாதம் பார்த்து முடித்துவிட்டான்.

"டயனான்ரை இன்ட்ரோவை அபர்ணாத் தங்கச்சியிட்டைக் குடுத்திட்டன். அவ சந்தோசமாச் செய்யிறனெண்டவ. நீர் மிச்சத்தை வெட்டும். உமக்கும் பாரம் குறையும்."

றீற்றா பாரம் குறைந்த மனுஷிபோல எழுந்து போய், கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. றீற்றா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேனாட் எடுத்தான். குரல் குழைந்ததைக் கேட்டே யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லுங்கோ தங்கச்சி... ஓம்... ஓம்... அப்பிடியோ... இருங்கோ, ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுச் சொல்லுறன்."

யோசிப்பதற்கு அவன் குசினிக்கு வந்தான். தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லிய குரலில் கேட்டான்.

"இஞ்ச பாரும். அபர்ணான்ரை கம்பியூட்டர் இன்ட்ரோ செய்யேக்கை இறுகி நிக்குதாம். கடைக்காரன் புரொசெசரை மாத்தச் சொல்லுறானாம். ரண்டு வகை இருக்காம். ஒண்டு ரண்டு புள்ளி நாலு கிகாஹேர்ட்ஸ், நாலு கோராம். மற்றது மூண்டு புள்ளி ஆறு, ரண்டு கோராம். ஹரிஷ் எது நல்லதோ அதை வாங்கச் சொல்லிட்டுப் போட்டாராம். எதை எடுக்கச் சொல்ல?"

றீற்றாவின் கத்தி நின்றது.

அந்த நாலு கோர் புரொசெசர் யாரென்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்காக அவள் கண்வைத்திருந்தது அது. மாசி மாதச் சஞ்சிகையில் அதைப் பற்றி வந்த நாலு பக்கத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு ஜெர்மனில் வாசித்தவள். அந்தப் பக்கங்கள் கெல்லரில் அவளுடைய மேசை லாச்சியில் மடித்தபடி கிடந்தன. பேனாட்டிடம் கேட்டதற்கு, "இருக்கிறது ஓடுதுதானே" என்று சொல்லிவிட்டான். இப்போது அது பாடனுக்குப் போகப்போகிறது. தண்ணீரில் பெயர் எழுப்புகிறவளின் மேசைக்குக் கீழே போய் உட்காரப்போகிறது. அது போனால் டயனாவின் இன்ட்ரோ இரண்டு கிழமையில் முடிந்துவிடும். போகாவிட்டால் முடியாது. முடியாவிட்டால் அது எங்கே வரும்? கெல்லருக்குத்தான் வரும்.

இவ்வளவையும் நினைக்க ஒரு லீக்ஸ் துண்டு வெட்டுகிற நேரம்கூட ஆகவில்லை.

"மூண்டு புள்ளி ஆறு" என்றாள்.

"அதோ?"

"ரண்டு புள்ளி நாலை விட மூண்டு புள்ளி ஆறு பெரிசுதானே. வேகம் கூட."

பேனாட்டுக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் தேவைப்படவில்லை. கூடத்துக்குப் போனதும் அவன் குரல் பேராசிரியர் குரலாக மாறியது.

"தங்கச்சி, நான் என்ன சொல்லுறனெண்டால், இந்த நாலு கோர் அது இது எண்டு விளம்பரத்துக்குச் சொல்லுவாங்கள். நீங்கள் வேகத்தைப் பாருங்கோ. என்ரை அனுபவத்திலை மூண்டு புள்ளி ஆறுதான் சரி." பிறகு ஒரு அடக்கமான இருமல்.

றீற்றா மிச்ச லீக்ஸையும் வெட்டி முடித்தாள். பாவம் செய்தோம் என்று தெரிந்தது. கூடவே ஒரு குளிர்ச்சியும் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. வாரக் கடைசிப் பூசையில் நன்மை எடுக்கப் போகாமல் வாங்கிலேயே இருந்துவிட்டாள். பேனாட் ஏனென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். அதுவும் பொய்யில்லைதான்.

பிறகு அவள் கெல்லருக்குள் புகுந்தாள். டயனா தந்த குழந்தைப் படங்களின் பிரதி அவளிடமும் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் தன்னுடைய இன்ட்ரோவைத் தொடங்கினாள். அன்னங்களை விட்டுவிட்டாள். முதல் தடவையாகத் தண்ணீர் செய்து பார்த்தாள். தண்ணீர் கூழ்போல வந்தது. அழித்துவிட்டுத் திரும்பச் செய்தாள். அபர்ணாவின் டிஸ்கை ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்து, அவள் எப்படிச் செய்திருப்பாள் என்று கண்டுபிடித்தாள். ஆளை வெறுத்துக்கொண்டே ஆளிடம் படிக்கிற விசித்திரமான வகுப்பு அது.

ஆடி மாதம் முழுக்கப் பாடனிலிருந்து நல்ல செய்திகள் வந்தன, அதாவது றீற்றாவுக்கு நல்ல செய்திகள். புதிய புரொசெசர் பூட்டியதிலிருந்து பெட்டி ஹீற்றர்போலக் கொதிக்கிறதாம். விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரி கதவைத் தட்டினாளாம். பத்து விநாடித் துண்டு எழும்பி வர ஒரு முழுப் பகல் ஆகிறதாம். அதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறதாம்.

இவ்வளவு தூரம் அவள் கணக்குச் சரி. ஒரு விஷயத்தை மட்டும் அவள் யோசிக்கவில்லை. பெட்டி கொதித்தால் அபர்ணா யாரைக் கூப்பிடுவாள்? புத்தி சொன்னவரைத்தான் கூப்பிடுவாள்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று பேனாட் சனிக்கிழமை பாடனுக்கு ரயில் ஏறினான். அடுத்த சனிக்கிழமையும் ஏறினான். அதற்கடுத்ததும். கம்பியூட்டரின் மூடியை எந்தப் பக்கம் கழற்றுவது என்று தெரியாத மனுஷன், அங்கே போய் என்ன பார்க்கிறான்? கேட்டால், "காத்துப் போக மேசையை நகர்த்தி வைச்சம்" என்பான். ஒரு மேசையை நகர்த்த ஒரு பகல். திரும்பி வரும்போது ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் கொண்டுவந்தான்.

"சாப்பிட்டுப் பாரும். அருமையாச் செய்வா."

றீற்றா சாப்பிட்டுப் பார்த்தாள். அருமையாகத்தான் இருந்தது. மிச்சத்தை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

தொழிலில் பட்ட பொறாமை ஒரு பக்கம் கிடக்க, இப்போது மற்றப் பொறாமையும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே நெஞ்சில் சமாளிப்பது லேசில்லை. அவன் புதுச் சட்டை போட்டால் ஏன் என்று நினைத்தாள். பழைய சட்டை போட்டால் நடிக்கிறான் என்று நினைத்தாள். ஒரு சனிக்கிழமை அவன் தலைக்கு மை பூசிக்கொண்டு நின்றான். அதற்கு விளக்கம் கேட்கவே அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் விட எரிந்தது எதுவென்றால், அவனைக் கையைப் பிடித்துப் பாடனுக்கு ரயிலேற்றி அனுப்பியது தானேதான் என்பது. இரண்டு புள்ளி நாலு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வீட்டில் இருந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

உள்ளபடிக்குப் பேனாட் கெட்டவனல்ல. ஒரு படித்த பெட்டை தன்னைப் பெரிய வித்தைக்காரன் என்று நம்பி, கோப்பியும் போட்டுத் தந்து, சொல்வதையெல்லாம் கண் விரியக் கேட்கிறாள். தொழிற்சாலையில் யாரும் அவனை அப்படிக் கேட்பதில்லை. வீட்டிலும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். றீற்றாவுக்கு அது தெரிந்திருந்தாலும் பொறுத்திருக்கமாட்டாள்.

புரட்டாதிக் கடைசியில், கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, இந்தத் தடவை நீண்டுபோன வேலை முடிந்து ஹரிஷ் வளைகுடாவிலிருந்து வந்து சேர்ந்தான். ஞாயிறு பின்னேரம் புருஷனும் பெண்சாதியுமாக முன்னறிவித்தலில்லாமல் பீலுக்கு வந்துவிட்டார்கள். ஹரிஷின் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. அபர்ணாவின் கையில் டயனாவின் படங்கள் இருந்த உறை.

றீற்றா அபர்ணாவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கற்பனையில் அவள் வளர்த்து வைத்திருந்தவள் உயரமாக, சிவப்பாக, சத்தமாகச் சிரிக்கிறவளாக இருந்தாள். வந்தவள் கண்ணாடி போட்ட, களைத்த, சின்ன உருவம். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. இவளையா நான் மூன்று மாதமாக என்று நினைத்தாள் றீற்றா. அப்படி நினைத்தும் எரிச்சல் குறையவில்லை. எல்லாரையும் இருக்கவைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ஹரிஷ் மரியாதையான ஆள். தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுத்தான் தொடங்கினான்.

"பெர்னார்ட் சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர்கிட்ட இந்த புரொசெசரைக் காட்டினேன். அவர் சிரிச்சிட்டார். இந்த வேலைக்கு யாராவது இதை வாங்குவாங்களான்னு கேட்டார். அந்த நாலு கோர்தான் வாங்கியிருக்கணுமாம். அபர்ணா மூணு மாசமா ராப்பகலா உட்கார்ந்து, இன்னும் நாப்பது செகண்டுகூட முடியல. நீங்க அனுபவசாலி. எதனால இதைச் சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தோம்."

பேனாட்டின் முகம் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறியது. இருமிப் பார்த்தான். இந்தத் தடவை இருமல் உதவவில்லை. ஹரிஷைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு கையை நீட்டிவிட்டான்.

"நானில்லைத் தம்பி. இவதான் சொன்னவ."

எல்லாரும் றீற்றாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு உதுகள் என்ன தெரியும்?" பேனாட் நிறுத்தவில்லை, தப்புகிற அவசரத்தில் எட்டு வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினான். "கம்பியூட்டர் பூட்டினது இவ. வெட்டுறது இவ, ஒட்டுறது இவ, பாட்டுப் போடுறது, எழுத்துப் போடுறது எல்லாம் இவ. நான் கமரா பிடிக்கிறதோடை சரி. இவ மூண்டு புள்ளி ஆறெண்டா, நான் அதைத் தங்கச்சிக்குச் சொன்னன். என்னிலை என்ன பிழை?"

எத்தனையோ நாள் றீற்றா இந்த வார்த்தைகளைக் கேட்கவேண்டுமென்று கிடந்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால், சத்தமாக, அவன் வாயாலேயே. கேட்டுவிட்டாள். ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லிவிட்டான், பழியை அவள் தலையில் கட்டுவதற்காக.

அபர்ணாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அப்போ அண்ணா எனக்குக் காட்டின அந்த முதல் நன்மை வீடியோவும் நீங்களா? அந்தச் சின்னப் பொண்ணு பீடத்துகிட்ட போறப்ப, அவ முகத்தைக் காட்டாம, அம்மாவோட கையை மட்டும் காட்டுவீங்களே. ஆர்கன் சத்தம் நின்னப்புறமும் அந்தக் கை அப்படியே இருக்கும். அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன்னு தெரியாது. எப்படி அங்க வெட்டணும்னு தோணுச்சுன்னு அண்ணாகிட்டக் கேட்டேன். அதெல்லாம் தானா வரும்மான்னார்."

பேனாட் தேத்தண்ணிக் கோப்பையின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அந்தக் கைக்காக றீற்றா மூன்று நாள் மினக்கெட்டிருந்தாள். தாய்மார் அழுதார்கள், தகப்பன்மார் கைகொடுத்தார்கள், ஆனால் அந்தக் கையைப் பார்த்த ஒரே ஆள் இவள். இந்த உலகத்தில் தன் வேலையைச் சரியாகக் கண்ட ஒருத்தி, அவளைத்தான் மூன்று மாதம் வேகவைத்திருக்கிறோம் என்று நினைக்க நெஞ்சு சுட்டது.

அபர்ணாவின் முகம் அதற்குள் மாறிக்கொண்டு வந்தது. இப்படி வெட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியாமலா இருக்கும் என்ற யோசனை அவள் கண்ணில் ஓடுவதை றீற்றா பார்த்தாள்.

ஹரிஷ் அதைக் கவனிக்கவில்லை. கூடத்தில் நிலவிய சங்கடத்தைத் தீர்த்துவைக்கும் நல்ல மனதோடு சிரித்தான்.

"விடு அபர்ணா. பாவம், அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நம்பர் பெருசா இருந்தா எல்லாரும் அதுதான் ஃபாஸ்ட்னு நினைப்பாங்க. வீட்ல இருக்கிறவங்க இவ்வளவு கத்துக்கிட்டதே பெரிய விஷயம். தெரியாம சொல்லிட்டாங்க, அவ்வளவுதானே?"

தப்பிப் போகக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் சிரித்துவிட்டு மிக்சர் சாப்பிடலாம். பேனாட்கூட ஓமென்று சொல் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினான். றீற்றாவும் ஓம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பாவம் என்ற சொல் அவளுக்குள் இறங்கி, இறங்கின இடத்தையெல்லாம் எரித்துக்கொண்டு போனது.

"தெரியும்" என்றாள்.

"என்ன அக்கா?" என்றாள் அபர்ணா.

"தெரிஞ்சுதான் சொன்னனான்." தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் எதிரிலிருந்த கதிரையில் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் இருக்கும்போது அந்தக் கூடத்தில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. "மூண்டு புள்ளி ஆறெண்டது ஒரு செக்கனுக்கு எத்தினை அடி அடிக்குதெண்ட கணக்குத்தான். ஒரு அடியிலை எவ்வளவு வேலை முடியுது எண்டதைப் பாக்கவேணும். உது பழைய வகை, அடி கூட, வேலை குறைவு, சூடு மட்டும் தாராளம். மற்றது ஒவ்வொரு அடியிலையும் கூடச் செய்யும். அதோடை நாலு கோர். உங்கடை புரோகிராம் நாலு பிரேமை நாலு கோருக்கும் பிரிச்சுக் குடுத்து ஒரே நேரத்திலை செய்விக்கும். அதுக்கு மெமரியையும் கூட்டவேணும், இல்லாட்டி நாலும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்கும். மாசி மாசமே வாசிச்சிட்டன். நாலு கோரெண்டால் நீங்கள் ரண்டு கிழமையிலை டயனான்ரை இன்ட்ரோவை முடிச்சிருப்பியள். முடிக்கக்கூடாதெண்டுதான் மற்றதைச் சொன்னனான்."

சொல்லிக்கொண்டு போகும்போது தன் குரலில் ஒரு சந்தோஷம் இருப்பது அவளுக்கே கேட்டது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை; மூன்று பேர் வாயைத் திறந்துகொண்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹரிஷ் மனைவியைப் பார்த்தான். அபர்ணா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தாள், திரும்பப் போட்டாள்.

"ஏன் அக்கா? என்கிட்டயே கேட்டிருக்கலாமே. நான் குடுத்திருப்பேனே."

அபர்ணா டயனாவின் படங்கள் இருந்த உறையைத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள். கோபத்தில் எறியவில்லை, பத்திரமாகத்தான் வைத்தாள். பிறகு எழுந்தாள். ஹரிஷ் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். வாசலில் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டார்கள். படியிறங்குகிற சத்தம் கேட்டு, கீழ்க்கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. இன்ட்ரோ அவளிடம் வந்துவிட்டது. வெட்டுகிறவள் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் பாடனிலிருந்து ஆராவ் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், எப்படிப்பட்டவள் என்பதும் சேர்த்து. இனி அவள் எங்கே பெயரைப் போட்டாலும் சனம் அதை இரண்டு தரம் வாசிக்கும்.

பேனாட் மேசையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டான்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே றீற்றா. அந்தப் பெடியனே பதிலை எடுத்துக் குடுத்தவன். ஒருத்தருக்கும் ஒண்டும் வந்திராது."

றீற்றா கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"தெரியாதவளா எட்டு வருஷம் இருந்திட்டன்" என்றாள். "காணும்."